காரைத் தூக்கும் முன் டயரைக் குனிந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிப் பிரதேசத்துக்குக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு என்று உங்கள் ஞாயிறு வாகனப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் முதல் யோசனையே காரின் உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது. டயருக்குக் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி. சேலம் ஏற்காடு ரோட்டில், கோரிமேட்டுக்குப் பக்கத்தில் சஸ்பென்ஷன் பட்டறை வைத்திருப்பவன் நான். கட்டுரை வந்த வாரமே அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு பையன்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். டிசம்பர் லீவுக்கு மணாலி போகிறார்களாம். "ரெண்டு இன்ச் தூக்கிக் குடுங்கண்ணா" என்கிறார்கள். தூக்கிக் கொடுத்தால் எனக்கு வருமானம்தான். இருந்தாலும் கட்டுரை சொல்லாமல் விட்ட பாதியை யாராவது சொல்ல வேண்டும். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சட்டம் பற்றிய பகுதியை வெட்டுங்கள், டயர் பகுதியில் கை வைக்காதீர்கள்.

எங்கள் அப்பா லாரி ஸ்பிரிங் வேலைக்காரர். சங்ககிரி லாரிகளும் மேக்னசைட் ஏற்றும் டிப்பர்களும்தான் எங்கள் வீட்டுக்குப் படியளந்தவை. ஸ்பிரிங் தளர்ந்த லாரி வந்தால் பிளேடுகளைக் கழற்றி, உலையில் காய்ச்சி, தட்டி வளைவு ஏற்றுவார். அதற்கு மேலும் உயரம் கேட்டால் கூட ஒரு பிளேடு சேர்த்துக் கட்டுவார். லோடோடு போகும்போது அந்த லாரி நன்றாகத்தான் போகும். காலியாகத் திரும்பும்போது டிரைவருக்கு முதுகெலும்பு கழன்றுவிடும், பின்சக்கரம் பள்ளத்துக்குப் பள்ளம் தரையை விட்டு எழும்பும். உயரம் கூட்டினால் கூடவே விறைப்பும் வரும் என்பதை டவுசர் போட்ட வயதிலேயே பார்த்தவன் நான். இப்போது கார்களில் பிளேடு போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது. அந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

பனியைப் பற்றிச் சேலத்துக்காரனுக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். மகள் கல்யாணமாகிக் கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் இருக்கிறாள். ஒரு குளிர்காலம் முழுக்க நானும் வீட்டுக்காரியும் அங்கே இருந்தோம். சராசரியாக ஆண்டுக்கு 2 மீட்டருக்கு மேல் பனி கொட்டுகிற ஊர் அது. எனக்கு அங்கே டிவி பார்க்கவும் பிடிக்கவில்லை, சும்மா உட்காரவும் முடியவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் வண்டிகள் எப்படி நகர்கின்றன, எங்கே மாட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. பனியை அள்ளி லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் நாளில் தெருவோரம் ஆரஞ்சு நிறப் பலகை வைப்பார்கள். வண்டியை எடுக்காமல் விட்டிருந்தால் இழுவை வண்டி சைரன் ஊதிக்கொண்டு வந்து நிற்கும். சைரன் கேட்டதும் சட்டைமேல் சட்டை மாட்டிக்கொண்டு மனிதர்கள் ஓடி வரும் வேகம் இருக்கிறதே, நம் ஊரில் டவுன் பஸ் பிடிக்கக்கூட அப்படி ஓடமாட்டார்கள்.

அங்கே கார் உயரம் எங்கே உதவுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். அப்படி ஒரு இடம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பனி தள்ளும் வண்டி நடுத்தெருவைச் சுத்தம் செய்துகொண்டே போகும்போது தள்ளிய பனியையெல்லாம் ஓரமாக ஒதுக்கும். அது ஒவ்வொரு வீட்டு வாசலையும் அடைத்துக்கொண்டு, வயலுக்கு வரப்பு கட்டினதுபோலக் கிடக்கும். புதுப்பனி பஞ்சாக இருக்கும், இது அப்படி இல்லை, தள்ளித் தள்ளி இறுகின கட்டி. காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் சோம்பல்பட்டு, மண்வெட்டி எடுக்காமல் அதன்மேல் காரை ஏற்றினால் கதை முடிந்தது. பம்பருக்குக் கீழே பனி நுழையும், காரின் அடிப்பகுதி அதை அமுக்கும், கடைசியில் காரின் எடை சக்கரத்தின் மேல் நிற்காமல் அந்தப் பனிக்கட்டியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். சக்கரம் சும்மா சுற்றும். எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? அந்த நிலைமையில் 40 மி.மீ. அதிக உயரம் இருக்கிற வண்டி தப்பித்துப் போகும், மறுக்கவில்லை. சாலையில் கிடக்கும் பனியின் ஆழம் காரின் அடியைத் தொடாதவரை அந்த 40 மி.மீ.க்கு ஒரு வேலையும் இல்லை. நகரத்துச் சாலையில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான்: வழித்துத் தள்ளிய சாலை, மேலே ஒரு மெல்லிய படலம், அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஐஸ். அந்த ஐஸுக்கு உங்கள் கார் எவ்வளவு உயரம் என்ற கவலை கிடையாது.

எங்கள் மாப்பிள்ளையும் கட்டுரை எழுதியவர் மாதிரிதான் நினைத்தார். அவருடையது தாழ்ந்த செடான், தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடைவெளி சுமார் 140 மி.மீ. "மாமா, நீங்கதான் இருக்கீங்களே, ஸ்பேசர் வரவழைச்சு ரெண்டு இன்ச் தூக்கிடலாமா?" என்று கேட்டார். ஸ்பேசர் என்பது உயரம் கூட்ட இடையில் வைக்கிற கட்டை. வாசல் வரப்பை நானே தினமும் வெட்டிவிடுகிறேன், நீங்கள் முதலில் டயரை மாற்றுங்கள் என்றேன். அந்த ஊரில், அதாவது கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். அவரும் போட்டுத்தான் இருந்தார், ஆனால் பழைய டயர், பட்டன், அதாவது மேலே புடைத்து நிற்கிற ரப்பர் கட்டம், தேய்ந்தது. புது டயர் நான்கும் மாட்டின பிறகு அந்தக் கார் வேறு கார். பக்கத்து வீட்டில் ஒரு பெரிய எஸ்யூவி நின்றது, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, நம் காரைவிட ஒரு சாண் உயரம். சட்டத்துக்காகப் பேருக்குத் தேய்ந்த டயர் போட்டிருந்தார்கள். தெரு முனையில் ஒரு சரிவு உண்டு. அந்த எஸ்யூவி அங்கே நிற்க முடியாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துப் பனிமேட்டில் மூக்கைக் குத்தியதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். தாழ்ந்த செடான் அதே முனையில், அதே காலையில் நின்றது. நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துவதற்கு எல்லாக் காருக்கும் இருப்பது அதே நான்கு டயர்தான்.

டயர் பிடிப்பது எப்படி என்று கட்டுரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நாம் இங்கே ஓட்டுகிற டயரின் ரப்பர் சேலத்து வெயிலுக்கும் தார் ரோட்டுச் சூட்டுக்கும் உருகாமல் தேயாமல் இருக்க வேண்டும் என்று செய்தது. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்ததும் அது விறைக்கும். மைனஸ் 10, 15 என்று போனால் பிளாஸ்டிக் போல ஆகிவிடும். ஏற்காட்டு மார்கழிக் குளிரெல்லாம் இந்தக் கணக்கில் வராது, பயப்பட வேண்டாம். குளிர்கால டயரின் ரப்பர் கலவை அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறினதுபோல நெருக்கமாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். சக்கரம் உருளும்போது அந்த வெட்டுகள் திறந்து பனியைக் கவ்வும். பள்ளங்களில் பனி அடைத்துக்கொள்ளும். அதுவும் நல்லதுக்குத்தான், பனியைப் பனி பிடிப்பதுபோல வேறு எதுவும் பிடிக்காது. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கிற முத்திரையைப் பார்க்க வேண்டும். எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. ஜெர்மனியில்கூட அந்த எழுத்தை மட்டும் வைத்துக் குளிர்கால டயர் என்று சொல்வதை 2024 அக்டோபரிலிருந்து ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொன்று, காற்று. 20 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயரை மைனஸ் 20-ல் அளந்தால் 26, 27 தான் காட்டும். பஞ்சரும் இல்லை, வால்வும் கசியவில்லை, உள்ளே இருக்கிற காற்று சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். இதைத் தெரியாமல் பனியில் ஓட்டுகிறவர்கள் வண்டி அலைகிறது என்று சஸ்பென்ஷனைச் சந்தேகப்படுவார்கள். அப்புறம் அகலமான டயர் போட்டால் பனியில் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை ஒன்று இங்கே ஊறிக் கிடக்கிறது. ஆழமான பனியில் நேர்மாறு. ஒல்லி டயர் பனியை அறுத்துக் கீழே கெட்டித் தரைக்குப் போகும், அகல டயர் மேலேயே மிதக்கும்.

சரி, இப்போது தூக்குகிற விஷயம். கட்டுரை 'உயர்த்திக்கொள்ளுங்கள்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டது. எதை வைத்து உயர்த்துவது? இங்கே நடைமுறையில் மூன்று வழி. சுருள் ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபரைத் திணிப்பது ஒன்று. இதுதான் மலிவு, அரை மணி வேலை. ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் கட்டிப் போடுகிறோம், அதனால் உயரமும் கொஞ்சம் கூடும், விறைப்பும் கூடும். குளிரில் அந்த ரப்பரும் இறுகிவிட்டால், விறைத்த டயருக்கு மேலே விறைத்த ஸ்பிரிங். வழுக்குகிற சாலையில் சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும், நாம் அதைத் துள்ள வைக்கிறோம்.

இரண்டாவது, ஸ்டிரட்டின், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணின், தலைக்கும் பாடிக்கும் நடுவே அலுமினியமோ நைலானோ ஸ்பேசர் வைப்பது. இதில் ஸ்பிரிங் விறைப்பு மாறாது, அதனால்தான் பலரும் இதைப் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். ஆனால் 30 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது கம்பெனி கணக்குப் போட்டதைவிட அதே அளவு கூடக் கீழே தொங்கும். அதோடு சேர்ந்து சக்கரத்தைச் சுற்றவைக்கிற டிரைவ் ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் வளையும், பால் ஜாயின்ட் ஓரத்துக்குப் போகும், பிரேக் ஹோஸ் இழுபடும், ஏ.பி.எஸ். சென்சார் வயர் விறைக்கும். தட்டையான ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து மேலே போகும்போது 20 கொண்டை ஊசி வளைவு.

மூன்றாவது, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் உயரமான செட்டாகவே மாற்றுவது. ஒழுங்காகச் செய்தால் இதுதான் முறை. அதற்கு ஆகிற செலவைச் சொன்னதும் பையன்கள் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போய்விடுவார்கள்.

போன மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து ஒரு செடான் இறங்கி வந்தது. காபி எஸ்டேட் ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறவருடையது. எஸ்டேட் மண்பாதையில் அடி தட்டுகிறது என்று வெளியூரில் எங்கோ முன்பக்கத்தை மட்டும் 30 மி.மீ. தூக்கியிருந்தார்கள். அலைன்மென்ட் பார்க்கவே இல்லை. தூக்கினால் சக்கரத்தின் சாய்வு மாறும், சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவும் மாறும். முன் டயர் இரண்டும் வெளிவிளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்திருந்தன. ஆக்சில் ஜாயின்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் ஒரு பக்கம் கிழிந்து கிரீஸெல்லாம் சக்கரத்தின் உள்பக்கம் அப்பிக் கிடந்தது. வளைவில் ஒடித்தால் டக் டக் டக் என்று சத்தம். கிரீஸ் போய் மண் புகுந்த ஜாயின்ட் அப்படித்தான் பேசும். இவ்வளவுக்கும் அவர் கொண்டுவந்த புகார் வேறு: எதிரே வருகிறவர்கள் எல்லாம் தன்னைத் திட்டுகிறார்கள் என்பதுதான்!

அதற்குக் காரணம் ஹெட்லைட். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன், ஏனென்றால் தூக்கிக் கொடுக்கிற பட்டறையில் யாரும் இதைச் சொல்வதில்லை. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 2,450 மி.மீ. உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் மட்டும் 30 மி.மீ. எழுந்தால் வண்டி மொத்தமும் அந்த அளவு மல்லாந்து நிற்கிறது. 25 மீட்டர் தூரத்தில் விளக்கின் ஒளி சுமார் 30 செ.மீ. மேலே போய்விடும். டிம் லைட்டை வழக்கமாக அதே தூரத்தில் ஏறக்குறைய 25 செ.மீ. தாழ்த்தி வைத்திருப்பார்கள். ஆக, தாழ்த்தினது முழுவதும் போய், டிம்மில் ஓட்டினாலும் எதிராளியின் கண்ணில்தான் அடிக்கிறீர்கள். மலைமேல் மூடுபனி இறங்கிய நேரத்தில் இன்னும் மோசம். மேலே போகிற ஒளி பனிப்புகையில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பி வரும், ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தெரியாது. பனியில் ஓட்டத்தான் காரைத் தூக்கினேன் என்று ஒருவர் சொன்னால், பனியில் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தூக்கியிருக்கிறீர்கள் என்று நான் சொல்வேன். விளக்கைத் திரும்ப இறக்கி வைக்க ஒரு ஸ்க்ரூ போதும், ஒரு சுவரும் டேப்பும் இருந்தால் யாரும் பார்த்துவிடலாம். செய்கிறவர்தான் இல்லை.

பின்பக்கத்தில் ஒரு வம்பு உண்டு. பல பழைய வேன்களிலும் ஜீப் வகை வண்டிகளிலும் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். லோடு ஏறினால் பின்பக்கம் தாழும், அந்தக் கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலியாக இருந்தால் குறைத்துவிடும். பின்பக்கத்தைத் தூக்கி வைத்தால் அந்த வால்வுக்கு என்ன தெரியும்? வண்டி எப்போதும் காலி என்றே நினைத்துக்கொள்ளும். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது பின் பிரேக் காலி வண்டிக்கு உண்டானதுதான் பிடிக்கும். கம்பியைச் சரிசெய்யாமல் பின்பக்கம் தூக்கின வேன் எதையும் நான் மலைக்கு அனுப்புவதில்லை. அதனால் இரண்டு வாடிக்கையாளர்களை இழந்தேன், பரவாயில்லை.

இன்னும் ஒரு கணக்கு. வண்டி கவிழாமல் நிற்பதற்கு, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை வண்டி எடையின் மையம் இருக்கும் உயரத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். அகலம் 1,460 மி.மீ., மையம் 550 மி.மீ. என்றால் 1.33 வரும். இரண்டு அங்குலம், அதாவது 50 மி.மீ. தூக்கினால் மையமும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறி 1.22 ஆகிவிடும். கார் உடனே உருண்டுவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் செடானாக வாங்கினதை எஸ்யூவிக்குப் பாதி வழிக்குக் கொண்டுபோகிறீர்கள், அதன் அகலமோ கெட்டியோ இல்லாமல். சேலத்திலிருந்து மணாலிக்கு ஒரு பக்கம் 2,500 கி.மீ.க்கு மேல். அதில் பனி கிடப்பது கடைசிக் கொஞ்சம் தூரம், அதுவும் கொட்டின நாளாக இருந்தால். மீதி முழுக்க நான்கு வழிச் சாலையில், பக்கக் காற்றில், லாரிகளை முந்திக்கொண்டு ஓட்டப்போகிறீர்கள். எந்தத் தூரத்துக்காகக் காரை மாற்றுகிறோம் என்று ஒரு தரம் யோசிக்க வேண்டாமா? வளைவில் ஆடுவது கூடும், பின்சீட்டில் இருக்கிற பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வரும், அது தனி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று சேர்த்திருக்கிறார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தால் முதலில் ஸ்பேசரைத்தான் படம் எடுப்பார்.

மணாலி போகிறவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்றால், உயரத்துக்கு வைத்த காசை வேறு இடத்தில் போடுங்கள் என்றுதான். அங்கே பனி கொட்டுகிற நாட்களில் மேலே அடல் சுரங்கப் பக்கம் போலீஸ்காரர்கள் நான்கு சக்கர இழுவை வண்டியையும் சங்கிலி போட்ட வண்டியையும்தான் விடுவார்கள். உங்கள் கார் இரண்டு அங்குலம் உயர்ந்திருப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. சங்கிலி வாங்கினால் உங்கள் டயர் அளவுக்குச் சரியாக வாங்குங்கள், இழுக்கிற சக்கரத்தில் மாட்டுங்கள். முன்சக்கர இழுவைக் காரென்றால் முன்னால். சேலத்திலேயே வீட்டு வாசலில் வைத்து ஒரு முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், மைனஸ் 5-ல் கை விறைத்த நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. மாட்டினபின் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். பனி இல்லாத தார் ரோடு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரையும் பாருங்கள். இது எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு வைக்கிற சங்கதி. நம் பக்கம் வண்டி சூடானால் ரேடியேட்டரில் பைப் தண்ணீரை ஊற்றி ஊற்றியே பழக்கம். கூலன்ட் பேருக்குத்தான் இருக்கும். ராத்திரி வெளியில் நிறுத்தின வண்டிக்குள் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடும். கிளைக்கால் கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 வரை உறையாது. கண்ணாடி துடைக்கிற தண்ணீரிலும் உறையாத திரவம் வேண்டும். ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் ஈரமான பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிக்கியில் ஒரு மண்வெட்டி, ஒரு பை மணல். மாண்ட்ரியலில் என் மாப்பிள்ளை வண்டியில் மணலுக்குப் பதில் பூனை மலம் கழிக்கப் போடுகிற மண் மூட்டை ஒன்று இருந்தது. கேலி செய்துகொண்டிருந்தேன். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கை அள்ளிப் போட்டதும் வண்டி நகர்ந்ததைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாக, மணாலியும் வேண்டாம் கனடாவும் வேண்டாம், எங்கள் தெரு வேகத்தடையிலேயே அடி தட்டுகிறது என்று வருகிறவர்கள். இவர்கள்தான் அதிகம், இவர்கள் குறை நியாயமானது. வேகத்தடை என்ற பெயரில் சில இடங்களில் திண்ணையே கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்பேசர் கேட்டு வருகிற கார்களில் பலவற்றை அளந்து பார்த்தால் வண்டி தாழ்ந்து பிறந்திருக்காது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஏழெட்டு வருஷம் மாம்பழக் கூடையும் மாமியார் வீட்டு அரிசி மூட்டையும் ஏற்றின பின்பக்க ஸ்பிரிங் எப்படி நிற்கும்? வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். அதே மாடல் புது வண்டி ஒன்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கம்பெனி ஸ்பிரிங்கையே புதிதாக மாற்றுங்கள். இழந்த உயரம் திரும்பி வரும், வேறு எதுவும் கெடாது, ஆர்.சி.யும் கெடாது.

அதற்கு மேலும் ஒரு விரல் உயரம் வேண்டுமென்றால் டயரில் பார்க்கலாம். 185/65 ஆர் 15 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 622 மி.மீ. அதையே 185/70 ஆக்கினால் 640. வண்டி எழும்புவது அதில் பாதி, 9 மி.மீ. அவ்வளவுதானா என்பார்கள். அவ்வளவுதான். ஆனால் இந்த 9 மி.மீ.யில் காரின் அடிப்பகுதியோடு சக்கர அச்சும் சேர்ந்து எழும்புகிறது, எந்த ஜாயின்டும் வளைவதில்லை. ஸ்பீடோமீட்டர் 97 காட்டும்போது நிஜத்தில் 100-ல் போய்க்கொண்டிருப்பீர்கள், அதை மட்டும் மனதில் வையுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, உள்ளே எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, காருக்குக் கம்பெனி அனுமதித்த அளவுப் பட்டியலில் அது இருந்தால் மட்டும் போடுங்கள். அந்தப் பட்டியல் வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில் இருக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தப் பக்கத்தில் அடுத்த முறை பனி டயரின் முத்திரையைப் படமாகப் போடுங்கள். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை எப்படி அளப்பது என்பதையும் ஒரு படமாகப் போடுங்கள். காரைத் தூக்கினபின் அலைன்மென்ட், ஹெட்லைட், பிரேக் ஹோஸ் மூன்றையும் பார்த்த பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள் என்று ஒரு வரியும் சேருங்கள். உங்கள் நிருபர் நேரில் வந்தால் தூக்கின வண்டி ஒன்றையும் தூக்காத வண்டி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறேன். கிழிந்த பூட்டும் தேய்ந்த டயரும் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் வரை பட்டறை திறந்திருக்கும், அமாவாசையன்று மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஏற்காடு ரோட்டுப் பட்டறைக்காரர்,
கோரிமேடு, சேலம்.